நெஞ்சில் நின்ற படங்கள்

“படம் பார்த்தாயா?” என்கிறான் நண்பன். “பார்த்தேன்” என்கிறோம். “எப்படி?” என்கிறான். “அருமை!” என்கிறோம். அத்துடன் ஆராய்ச்சி முடிந்துவிடுகிறது! அருமை என்றால் எதில் அருமை? பாட்டிலா, பகட்டிலா, பாய்ந்து பாய்ந்து அடிக்கும் சண்டையிலா? கேட்பாரும் இல்லை, சொல்வாரும் இல்லை. மூன்று மணி நேரம் இருட்டில் இருந்துவிட்டு வெளிச்சத்துக்கு வருகிறோம்; வந்த பின்னும் அறிவு மட்டும் இருட்டிலேயே அமர்ந்திருக்கிறது.

தமிழ்நாட்டில் திரைப்படம் வெறும் பொழுதுபோக்காக என்றுமே இருந்ததில்லை. கோயில் மண்டபத்தில் கால் வைக்க முடியாதவனும் கொட்டகையில் காசு கொடுத்துத் தரையில் அமர முடிந்தது. ஏட்டைத் தொட்டறியாதவன் காதுக்கு எழுத்தாளனின் தமிழ் எட்டியது அங்கேதான். அண்ணா, கலைஞர், எம்.ஜி.ஆர்., வி. என். ஜானகி, ஜெயலலிதா — இந்நாட்டின் முதலமைச்சராக அமர்ந்தவருள் ஐவர், எழுதியோ நடித்தோ, திரையோடு உறவு கொண்டவர்கள். இத்துணை ஆற்றல் வாய்ந்த கருவியை, “அருமை” என்ற ஒற்றைச் சொல்லால் அளந்துவிட்டுப் போகலாமா, தோழர்களே?

எனக்குப் பிடித்த படங்கள் சில உண்டு. அவற்றைத் தேர்ந்தெடுக்க நான் வைத்திருக்கும் உரைகல் ஒன்றே ஒன்றுதான். படம் யாரைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்துகிறது? வழக்கை யார் பேசுகிறார்? தீர்ப்பு யாருக்கு நன்மை தருகிறது? இம்மூன்று கேள்விகளுக்கும் முகம் கோணாமல் விடை சொல்லும் படம் நெஞ்சில் நிற்கிறது. விடை சொல்லாமல் ஒதுங்கி ஓடும் படம், எத்தனை கோடி கொட்டி எடுக்கப்பட்டிருந்தாலும், கொட்டகை வாயிலோடு விடைபெற்றுக்கொள்கிறது.

முதலில் நிற்பது ‘வேலைக்காரி’. அறிஞர் அண்ணாவின் நாடகம், 1949இல் ஜூபிடர் நிறுவனத்தார் படமாக்கினர், ஏ. எஸ். ஏ. சாமி இயக்கினார், கே. ஆர். இராமசாமி ஆனந்தனாக நடித்தார். கடன்பட்ட தந்தை தூக்கிலே தொங்குகிறார். கடன் கொடுத்த சீமானோ காளியின் அருளால் செழிப்பதாகக் கருதிப் பூசை செய்துகொண்டிருக்கிறார். மகன் கத்தியோடு கிளம்புகிறான். சாதாரணக் கதையாக இருந்தால் அடுத்த காட்சியில் கொலை. அதற்கடுத்த காட்சியில் தூக்கு. ஆனால் இங்கே நண்பன் மணி குறுக்கிடுகிறான். உடலை வெட்டுவதால் கொடுமை சாகாது; கொடுமையை வளர்த்த முறையையே அறிவைக் கொண்டு வெட்ட வேண்டும் என்று வழி காட்டுகிறான். கோபத்தைச் சிந்தனையாக மாற்றும் அந்த ஒரு திருப்பத்துக்காகவே அப்படத்தை நான் போற்றுகிறேன். காளியின் முன் நின்று ஆனந்தன் எழுப்பும் கேள்விகள், அதுவரை பக்தர்கள் பாடிப் பரவசப்படுவதற்கென்றே கோயிலைக் காட்டிவந்த திரையில், கோயிலையே விசாரணைக்கு அழைத்தன. எங்கள் ஊரின் பெயர் அமிர்தி. அப்படத்தின் வேலைக்காரிக்குப் பெயர் அமிர்தம். தேவர்களுக்கென்று கடைந்தெடுத்ததாகப் புராணம் கூறும் பொருளின் பெயரைப் பாத்திரம் துலக்கும் பெண்ணுக்குச் சூட்டிய குறும்பை எண்ணி நான் பன்முறை மகிழ்ந்ததுண்டு.

அதே 1949இல் வந்தது ‘நல்லதம்பி’. கலைவாணர் என். எஸ். கிருஷ்ணனின் படம், உரையாடல் அண்ணா, இயக்கம் கிருஷ்ணன் – பஞ்சு. முழுப் படத்தையும் விட, அதில் இடம்பெறும் ‘கிந்தனார்’ காலட்சேபம் ஒரு பள்ளி ஆசிரியனுக்கு விலைமதிக்க முடியாத பாடநூல். நந்தனார் கதை நமக்குத் தெரியும். சேரியில் பிறந்தவர், தில்லையைக் காணத் துடித்தவர், தீயில் மூழ்கி எழுந்த பிறகுதான் உள்ளே அனுமதி. கலைவாணர் அக்கதையை அப்படியே எடுத்தார்; ஓர் எழுத்தை மாற்றினார்; கதையையே புரட்டிவிட்டார்! நந்தன் தில்லைக்குப் போனான். கிந்தன் பள்ளிக்குப் போகிறான். நந்தனை ஏற்றியது நெருப்பு. கிந்தனை ஏற்றுவது புகைவண்டி. நந்தன் சோதியில் கலந்து காணாமற்போனான். கிந்தன் படித்து, உயர்ந்து, ஊருக்குத் திரும்பி வருகிறான். காணாமற்போவது முக்தியாம், திரும்பி வருவதோ புரட்சி!

இங்கே ஒன்று குறிக்கத்தக்கது. பெரிய புராணத்தைப் புரட்டினால், நந்தனார் செய்துவந்த தொண்டு இன்னதென்று சேக்கிழாரே தெளிவாகச் சொல்லியிருக்கிறார். கோயில் முரசுகளுக்குப் போர்த்தத் தோல் கொடுத்தார். இழுத்துக் கட்ட வார் கொடுத்தார். யாழுக்கும் வீணைக்கும் நரம்பு கொடுத்தார். எட்டாம் வகுப்பில் இதை நான் சொல்லிக்கொண்டிருந்தபோது ஒரு சிறுவன் எழுந்தான். “சார், தோல் உள்ளே போகலாம், ஆள் போகக் கூடாதா?” என்றான். பன்னூறு ஆண்டுகளாகப் பண்டிதர் எழுதிக் குவித்த உரைகள் ஒருபுறம். அந்தச் சிறுவனின் ஒரு வரி மறுபுறம். எது கனமானது? தராசு உங்கள் கையில்.

அடுத்தது ‘பராசக்தி’. 1952 அக்டோபர் 17, தீபாவளி நாளன்று வெளிவந்தது. அந்தப் படத்தில் எங்கள் வட்டாரத்துக்கு ஒரு தனி உரிமை உண்டு. ஏ.வி.எம். நிறுவனத்தோடு சேர்ந்து அதைத் தயாரித்த நேஷனல் பிக்சர்ஸ் பெருமாள் முதலியார் வேலூர்க்காரர். நாடக மேடையில் நின்றிருந்த ஒல்லியான இளைஞர் ஒருவரைக் கதாநாயகனாகப் போட வேண்டும் என்றார். மற்றவர் தயங்கினர், மாற்றலாம் என்றனர், அவர் மறுத்தார். அந்த இளைஞரே சிவாஜி கணேசன். பின்னாளில் புகழின் உச்சியில் நின்றபோதும், பொங்கல் திருநாளில் வேலூருக்கு வந்து பெருமாள் முதலியாரின் வாழ்த்தைப் பெற்றுச் செல்வதை அவர் வழக்கமாக வைத்திருந்தார்.

கதை எளியது. போர்க்கால ரங்கூனிலிருந்து தங்கையின் திருமணத்துக்குக் கிளம்பிய அண்ணன்மார் சிதறுகின்றனர். மதுரையில் கலியாணி கணவனை இழக்கிறாள், தந்தையை இழக்கிறாள், இட்டிலிக் கடை வைக்கிறாள், அங்கும் காமுகர் தொல்லை. அடைக்கலம் தேடிக் கோயிலுக்குப் போனால் பூசாரியே பாய்கிறான். பிள்ளையின் பசியைப் பார்க்கப் பொறாமல் ஆற்றில் வீசுகிறாள், நீதிமன்றத்தில் நிறுத்தப்படுகிறாள். பூசாரியைத் தாக்கிய குணசேகரனும் அதே கூண்டில் ஏறுகிறான். ஏறிய பிறகு நடப்பதுதான் விந்தை! கைதி வழக்குரைஞனாகிறான், சமுதாயம் கைதியாகிறது. கலைஞரின் உரையாடல் அடுக்கடுக்காக எழுந்து, பட்டினியையும் பக்தி வேடத்தையும் பணத்திமிரையும் ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லி அழைத்துக் கூண்டில் ஏற்றுகிறது. படத்தைத் தடை செய்ய வேண்டும் என்ற கூக்குரல் எழுந்ததே, ஏன்? கதாநாயகன் அடித்த அடிக்காக அன்று, கேட்ட கேள்விக்காக!

ஆயினும் நமக்குப் பிடித்த படம் என்பதால் நாம் கேள்வி கேட்காமல் விடலாமா? கேள்வி கேட்கக் கற்பித்த படத்தையே கேள்வி கேட்பதுதான் அதற்கு நாம் செய்யும் சிறப்பு. பராசக்தியின் குற்றச்சாட்டு மலையளவு; முடிவோ கடுகளவு. தாய் எறிந்த குழந்தை தற்செயலாகப் படகில் விழுந்து பிழைத்துக்கொள்கிறது. நீதிபதியாக அமர்ந்திருப்பவர் தற்செயலாகத் தமையனாகவே இருக்கிறார். குடும்பம் ஒன்றுகூடி அநாதை விடுதி திறக்கிறது. அண்ணன் நீதிபதியாக இல்லாத கலியாணிகளின் கதி என்ன? அநாதைகளை உண்டாக்கும் முறை அப்படியே இருக்க, விடுதிகளை மட்டும் பெருக்கினால் போதுமா? படம் எழுப்பிய இடியோசைக்கு ஏற்ற மழை இறுதியில் பெய்யவில்லை என்பதே என் துணிபு. இடி முழங்கியதே பெரிது என்பாரும் உளர். அக்காலத்தை எண்ணினால் அதுவும் உண்மையே.

அதே பெருமாள் முதலியார், அதே கிருஷ்ணன் – பஞ்சு. 1954இல் தந்தது ‘ரத்தக்கண்ணீர்’. திருவாரூர் கே. தங்கராசு எழுதியது, மேடையில் ஊர் ஊராய் நடந்த பிறகு திரைக்கு வந்தது. நடிகவேள் எம். ஆர். ராதாவைத் தவிர வேறொருவர் மோகனசுந்தரமாக நடித்திருந்தால் அப்படத்தை இன்று யார் நினைத்துப் பார்ப்பார்? குரலை உடைத்து, கரகரப்பாக்கி, கேலியும் அழுகையும் ஒரே மூச்சில் வெளிவரச் செய்கிறாரே, அந்தக் கலைக்கு ஈடு கண்டதில்லை. கண் கெட்டு, கை முடங்கித் தெருவில் கிடக்கும் பிச்சைக்காரனின் வாயிலிருந்து வரும் ஒவ்வொரு கிண்டலும், ஊரில் உயர்ந்திருக்கும் போலிகளின் மேல் விழும் சாட்டை. மேலும் அதன் முடிவு! கணவன் உயிரோடிருக்கும்போதே, அவனே முன்னின்று மனைவியை நண்பன் பாலுவுக்கு மணம் முடித்து வைக்கிறான். கல்லானாலும் கணவன் என்று பெண்களுக்கு ஓதிக்கொண்டிருந்த நாட்டில், 1954இல், இது எத்துணைத் துணிச்சல்!

இவ்வளவு புகழ்ந்தபின் சொல்கிறேன்: பகுத்தறிவாளர் அப்படத்தைக் கண்ணை மூடிக்கொண்டு கொண்டாட முடியாது. ஏன்? மோகனசுந்தரம் பரத்தையை நாடினான், தாயைப் புறக்கணித்தான், அதன் விளைவாகத் தொழுநோய் கண்டான் என்று கதை போகிறது. அதாவது, நோய் தண்டனையாக வருகிறது! முற்பிறப்புப் பாவம் என்று புராணிகன் சொன்னான். இப்பிறப்புப் பாவம் என்று படம் சொல்கிறது. பிறப்பு மாறியது, பாவம் மாறவில்லை.

உண்மை என்ன? தொழுநோய் ஒரு நுண்ணுயிரால் வருவது. நார்வே நாட்டு மருத்துவர் ஹான்சென் 1873இலேயே அந்த நுண்ணுயிரைக் கண்டு கூறிவிட்டார். ஒழுக்கத்துக்கும் அதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. உடலுறவால் பரவும் நோயும் அன்று. மக்களில் மிகப் பெரும்பாலோர்க்கு அதை எதிர்க்கும் ஆற்றல் உடலிலேயே இருக்கிறது. இதைச் சொல்ல நான் நெடுந்தொலைவு போக வேண்டியதில்லை. படத்தைத் தயாரித்தவரின் ஊரான அதே வேலூரில், கிறித்தவ மருத்துவக் கல்லூரியில், 1940களின் இறுதியில் டாக்டர் பால் பிராண்ட் தொழுநோயால் மடங்கிய விரல்களை அறுவை செய்து நிமிர்த்திக்கொண்டிருந்தார். படம் வந்த மறு ஆண்டு, 1955இல், வேலூரை அடுத்த கரிகிரியில் தொழுநோய் ஆராய்ச்சி நிலையம் எழுந்தது. திரையிலே கை முடங்கியவனுக்குச் சிலை வைத்து, பாவத்தின் சம்பளம் இதுவென்று காட்டினர்; கரிகிரியிலோ முடங்கிய கைக்கு மருந்து வைத்து, வேலை செய்யப் பழக்கினர். எது பகுத்தறிவு? 1981இல் கூட்டு மருந்துச் சிகிச்சையை உலக நலவாழ்வு நிறுவனம் பரிந்துரைத்த பின்னர், முழுதும் குணமாகும் நோயாக அது ஆகிவிட்டது. அப்படியிருந்தும், தொழுநோயைக் காரணம் காட்டி மணவிலக்குக் கேட்கலாம் என்ற விதி நம் சட்டப் புத்தகத்திலிருந்து நீக்கப்பட்டது 2019இல்தான்! நோய்க்கு மருந்து வந்தும் மனத்துக்கு மருந்து வரத் தாமதமானதற்கு, கதைகளும் ஒரு காரணம் இல்லையா? ராதாவின் நடிப்பைக் கண்டு கை தட்டுவோம். நோயைப் பற்றிய பாடத்தை மட்டும் மருத்துவமனையில் கற்றுக்கொள்வோம்.

பிடித்ததைப் பேசும்போது, பிடித்தும் உறுத்துவதையும் பேச வேண்டும். 1956இல் வந்த ‘மதுரை வீரன்’ அத்தகையது. யோகானந்த் இயக்கினார்; கண்ணதாசன் உரையாடல் எழுதினார்; எம்.ஜி.ஆர். வாள் வீசினார். நாடே திரண்டு பார்த்தது. செருப்புத் தைக்கும் இணையரிடம் வளர்ந்தவன் அரசன் மகள் பொம்மியை மணக்கிறான். இறுதியில் மாறுகால் மாறுகை வாங்கப்படுகிறான். சாதி கடந்த காதலுக்கு உயிர் கொடுத்தவனின் கதை! ஆனால் தொடக்கத்தைக் கவனியுங்கள். வீரன் பிறப்பால் அரச குமாரனாம். கழுத்தில் கொடி சுற்றிப் பிறந்ததால் நாட்டுக்கு ஆகாது என்று சோதிடர் சொல்ல, காட்டில் எறியப்பட்டானாம். செருப்புத் தைப்பவரின் வீட்டில் வளர்ந்தான். ஆனால் அங்கே பிறக்கவில்லை! வீரம் அரண்மனைக் குருதியிலிருந்துதான் வர வேண்டுமா? தோல் தைக்கும் கைக்கு வாள் பிடிக்க வராதா?

இந்த அரசப் பிறப்பு நாட்டுப்புறக் கதைப்பாடலிலேயே உண்டு என்று சிலர் விடை கூறுவர். உண்டுதான். அது பின்னாளில் ஒட்டவைத்த ஒட்டு என்று கருதும் ஆய்வாளரும் உண்டு. பாட்டில் இருந்தால் என்ன? நந்தனைக் கிந்தனாக்கிய கலைவாணரே, அப்படத்தில் செருப்புத் தைக்கும் வளர்ப்புத் தந்தையாக மதுரத்தோடு நடித்தார். அவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே இந்த ஒட்டைப் பிய்க்காமல் விட்டுவிட்டனரே என்பதுதான் என் வருத்தம். இன்றும் அப்படத்தைப் பார்க்கிறேன். சின்னானும் அவன் மனைவியும் அக்குழந்தையைத் தூக்கிக் கொஞ்சும் காட்சியில் உள்ளம் நெகிழ்கிறது. அரண்மனை எறிந்ததைக் குடிசை எடுத்தது. படத்தின் உண்மையான வீரம் அங்கேதான் இருக்கிறது.

பழம்பெருமை பேசிக்கொண்டே இருப்பது பகுத்தறிவாளர்க்கு அழகன்று. அண்மைக் காலத்திலும் நெஞ்சில் நின்ற படங்கள் உண்டு. மாரி செல்வராஜ் இயக்கிய ‘பரியேறும் பெருமாள்’ 2018இல் வந்தது. சட்டக் கல்லூரிக்குப் படிக்கப் போகிறான் பரியன். வகுப்பில் ஆங்கிலம் புரியவில்லை. கூட்டத்தில் சாதி விடவில்லை. கூத்தில் பெண் வேடமிட்டு ஆடும் அவன் தந்தையை ஆடை களைந்து துரத்தும் காட்சி, நாகரிகம் பேசும் நம் அனைவர் முகத்திலும் அறைகிறது. குணசேகரன் போலப் பரியன் இடிமுழக்கம் செய்யவில்லை. பெண்ணின் தந்தையோடு அமைதியாகப் பேசுகிறான், இறுதியில் இரண்டு தேநீர்க் குவளைகள், நடுவே ஒரு பூ, படம் முடிகிறது. சேரிக்கு ஒரு குவளை, ஊருக்கு ஒரு குவளை என்று தேநீர்க் கடையில் பிரித்து வைத்த நாட்டின் வரலாறு தெரிந்தவர்க்கு, அந்த இரண்டு குவளைகள் பத்துப் பக்க உரையாடலைப் பேசிவிடுகின்றன. 1952இல் கேள்வியை உரக்கக் கேட்க வேண்டியிருந்தது. 2018இல் கேள்வியை மேசைமேல் வைத்துவிட்டு, விடையை நம்மிடமே கேட்கிறார்கள்.

2021இல் வந்த ‘ஜெய் பீம்’ இன்னொன்று. 1993இல் நிகழ்ந்த காவல் கொடுமையையும், அதை எதிர்த்து வழக்காடிய வழக்குரைஞர் சந்துருவின் பணியையும் அடிப்படையாகக் கொண்டு ஞானவேல் இயக்கியது. வழக்குரைஞரே எல்லாம் செய்து முடிப்பவராகத் தோன்றுகிறார் என்பது ஒரு குறையே. ஆனால் பணத்தை வாங்கிக்கொண்டு வாயை மூடிக்கொள் என்றபோது மறுக்கிறாளே செங்கேணி, அங்கே அவளே வழக்கை நடத்துகிறாள். சவ்வாது மலையின் அடிவாரத்தில் வாழும் எங்களுக்கு அப்படம் தொலைவுக் கதையாகத் தோன்றவில்லை. 2015 ஏப்ரல் 7 அன்று சேசாசலக் காட்டில் ஆந்திரக் காவல்துறையினரால் சுட்டுக் கொல்லப்பட்ட 20 பேரில் சவ்வாது மலைப் பகுதியினரும் இருந்தனர். மரம் வெட்டப் போன கூலிக்காரனின் பிணம் ஊர் திரும்பியதைப் பார்த்தவர்கள், செங்கேணியின் கண்ணீரை நடிப்பென்று ஒதுக்கிவிட மாட்டார்கள். அப்படத்தின் கடைசிக் காட்சியில் சிறுமி அல்லி, வழக்குரைஞர் எதிரே கால்மேல் கால் போட்டுச் செய்தித்தாளைப் பிரிக்கிறாள். கிந்தன் ஏறிய புகைவண்டி எழுபதாண்டுகளுக்குப் பிறகு எங்கே வந்து நிற்கிறது, பார்த்தீர்களா?

இத்தனை படங்களைச் சொன்னேன். எங்கள் மண்ணின் கதையைச் சொன்ன படம் எது? ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, இராணிப்பேட்டை எங்கும் தோல். உலகத்தின் கால்களுக்குச் செருப்புத் தைத்து அனுப்பும் பகுதி இது. விடியுமுன் சோற்றுத் தூக்கோடு ஆலைப் பேருந்தில் ஏறும் பெண்கள். சுண்ணாம்புத் தொட்டியில் கை வெந்த ஆண்கள். ஆவாரம்பட்டை போய் இரசாயனம் வந்தபின் நிறம் மாறிய பாலாறு. 1996 ஆகஸ்டு 28இல் உச்ச நீதிமன்றமே இவ்வாற்றின் அழிவைக் கண்டு தீர்ப்பு எழுதியது. 2015 சனவரி 31 அதிகாலை, இராணிப்பேட்டையில் தோல் கழிவுத் தொட்டியின் சுவர் உடைந்து, உறங்கிக்கொண்டிருந்த தொழிலாளர் 10 பேர் சேற்றில் புதைந்து மாண்டனர். இதில் கதை இல்லையா? கண்ணீர் இல்லையா? கூண்டில் நிறுத்த ஆள் இல்லையா? திண்டுக்கல் தோல் தொழிலாளரைப் பற்றி டி. செல்வராஜ் ‘தோல்’ என்று பெருநாவலே எழுதினார். 2012இல் சாகித்திய அகாதமி பரிசும் பெற்றது. எழுத்தில் ஏறிய தோல், நான் கண்ட திரையில் இன்னும் ஏறவில்லை. நந்தன் கொடுத்த தோலை முரசில் போர்த்திக்கொண்டு அவனை வாயிலில் நிறுத்தியது கோயில். செருப்பை மாட்டிக்கொண்டு படமெடுக்கப் போகும் திரையுலகம், அதைத் தைத்தவரை இன்னும் எத்தனை காலம் வாயிலில் நிறுத்தும்?

இளைஞர்களே! நடிகரின் உருவப் பலகைக்குப் பால் ஊற்றுகிறீர்கள். கல்லுக்கு ஊற்றினால் மூடநம்பிக்கை. அட்டைக்கு ஊற்றினால் மட்டும் முற்போக்கா? முதற்காட்சிச் சீட்டுக்காக முந்துகிறீர்கள், முந்துங்கள். ஆனால் வெளியே வரும்போது கேள்வியோடு வாருங்கள். யார் கூண்டில் நின்றார்? யார் வழக்குப் பேசினார்? யாருக்குத் தீர்ப்பு? மன்றத்தில் பேசுங்கள், படிப்பகத்தில் வாதாடுங்கள், பிடித்த படத்தின் குறையைச் சொல்ல அஞ்சாதீர்கள், பிடிக்காத படத்தின் நிறையைச் சொல்ல வெட்கப்படாதீர்கள். உங்களுள் எவரேனும் ஒருவர் நாளை ஒரு படக்கருவியைக் கையில் எடுத்தால், முதல் காட்சியை எங்கே வைப்பது என்று தேடி அலைய வேண்டாம். ஆம்பூர்ப் பேருந்து நிலையம் இருக்கிறது. விடியற்காலை ஐந்து மணிக்கு வாருங்கள்.